சாம்பிராணி போட்ட டிஷ்வாஷர்

1. "எடுத்துக்கினு போயிடுங்க"

மெஷினைச் சரிசெய்யக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. திட்டித் தீர்ப்பதற்கென்றே கூப்பிடுகிறவர்களும் உண்டு. வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கூப்பிட்டவர், என் சர்வீஸில் கோவளம் கஸ்தூரி ஒருவர்தான்.

"டிஷ்வாஷர் சர்வீஸா? எங்க மெஷின வந்து எடுத்துக்கினு போயிடுங்கண்ணா. துட்டுலாம் வோணாம். யாருக்குனா குடுத்துருங்க."

"இன்னா கம்ப்ளெயின்ட்டுமா? தண்ணி லீக் ஆவுதா, ஹீட் ஆவலயா?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. நாறுது. நீங்களே வந்து மோந்து பாருங்க."

அப்போது நான் செங்கல்பட்டு சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன். முட்டுக்காடு தொடங்கிக் கல்பாக்கம் வரை ஈசிஆர் கடற்கரைச் சாலை முழுக்க என் ஏரியா. வாஷிங் மெஷினில் தலை நரைத்தவன் நான். டிஷ்வாஷர் என்பது கொரோனாவுக்குப் பிறகு வந்து சேர்ந்த தலைவலி. வேலைக்கு ஆள் வராமல் ஊரே பாத்திரம் தேய்த்த அந்த நாட்களில்தான் இந்தப் பெட்டி நம் பக்கம் வீடு வீடாக நுழைந்தது. கம்பெனி ட்ரெயினிங்கில் பீங்கான் தட்டையும் ஒயின் கிளாஸையும் வைத்துப் பாடம் நடத்தினார்கள். மீன் குழம்பு அந்தப் பாடத்தில் இல்லை.

இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் போன் போட்டு, "சார், ஸ்மெல் கம்ப்ளெயின்ட், இன்னா பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொண்டை வற்றப் பேசுவதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2. தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம்

கஸ்தூரி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஏரியாவில் பாதி கம்ப்ளெயின்ட் மெஷினில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. செங்கல்பட்டு ஏரியை ஒட்டிய வீடுகளில் தண்ணீர் பரவாயில்லை. திருப்போரூர் தாண்டிக் கடல் பக்கம் போகப் போக போர்வெல் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். டம்ளரில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கஸ்டமர், "பவுடர் சரியில்ல, மெஷினு சரியில்ல" என்பார். மெஷினுக்குள்ளும் அதே வெள்ளைதான் சுவர் சுவராக ஏறிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பசையும் கவிச்சியும் அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு போகவே போகாது.

இன்னொன்று கடுகு. தண்ணீரைச் சுழற்றி அடிக்கிற ஸ்ப்ரே ஆர்மில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நம் தாளிப்புக் கடுகுக்கு அளவெடுத்துச் செய்தது போல அவ்வளவு கச்சிதமான ஓட்டை. எத்தனை வீடுகளில் ஈர்க்குச்சியை வைத்துக் கடுகைக் குத்தி எடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொன்னால் எந்த வீட்டிலும் நம்ப மாட்டார்கள். எடுத்துக் கையில் கொடுத்தால், "இது எங்க வூட்டுக் கடுகே இல்ல" என்பார்கள்.

3. திறந்தால் கோயில் வாசனை

கஸ்தூரியின் வீடு கோவளம் மீனவர் குப்பத்தில், மணலுக்குக் கொஞ்சம் இப்பால். வாசலில் தகர ஷீட் இறக்கி, நாலைந்து பெஞ்சு போட்டு மெஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மட்டும்தான். மீன் குழம்பு, சங்கரா வறுவல், ரசம். அலையில் பலகை ஓட்ட வருகிற பையன்கள், ஈசிஆரில் கார் ஓட்டுகிறவர்கள், அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் எல்லாம் வருவார்கள். வீட்டு மெஷினை மெஸ்ஸில் போட்டால் வாரண்டி கிடையாது என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காதவன் போல இருந்துகொண்டேன்.

கஸ்தூரியின் வீட்டுக்காரர் ஏழுமலை. ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தோள்பட்டை விட்டுப்போனதால் கடலை விட்டுவிட்டு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் போனபோது யாரோ ஒருவரின் பேண்ட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெஷின் கதவைத் திறந்தேன். மீன் கவிச்சி குப்பென்று அடித்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பின்னாலேயே இன்னொரு வாசனை வந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. குனிந்து மறுபடி மோந்தேன்.

"இன்னாம்மா இது, உள்ள சாம்பிராணி வாசன வருது?"

கஸ்தூரி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். "வெள்ளிக்கெழம வூட்டுக்குப் போட்டேன். அப்டியே இதுக்குள்ளயும் காட்டி கதவ மூடி வெச்சேன். நல்லா ஏறட்டும்னு."

"ஏறிச்சா?"

"டம்ளர்ல ஏறிடிச்சி," என்றார் ஏழுமலை. "பலகை பையன் ஒருத்தன் தண்ணி குடிச்சிட்டு, இன்னிக்கு பூஜையா அங்கிள்ன்றான்."

நானும் ஏழுமலையும் சிரித்தோம். கஸ்தூரி சிரிக்கவில்லை. "சிரிங்க. நாளைக்குக் கடைய மூடிட்டு ரெண்டு பேருமா ஒக்காந்து சிரிப்போம்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. அதன் பிறகுதான் விஷயத்தைக் கேட்டேன்.

4. கை

அந்த மெஷின் ஆசைக்கு வாங்கியதில்லை. கஸ்தூரிக்குக் கையில் தோல் நோய். வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீரிலும் மீன் தண்ணீரிலும் கிடந்து உள்ளங்கை வெடித்து, விரல் இடுக்கில் புண்ணாகி, சிவந்து கிடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டாக்டரம்மா, "மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். கை தண்ணியில படாம இருந்தாத்தான் மீதி" என்று சொல்லியிருந்தார். சிறுசேரியில் வேலை பார்க்கிற மகள் ரேகா அதைக் கேட்டுவிட்டுத்தான் மெஷினை வாங்கி இறக்கினாள்.

கையில் புண் என்றால் வலி மட்டும் இல்லை. கஸ்தூரியின் மெஸ்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. வறுவல் தட்டை ஏந்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இவருக்கு இந்த மீன் என்று பொறுக்கி, கையாலேயே எடுத்துத் தட்டில் வைப்பார். அதற்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லையாம். சும்மா எழுந்து போனாராம்.

"திட்டிட்டுப் போயிருந்தாலும் பரவால்லண்ணா," என்றார் கஸ்தூரி.

அன்றிலிருந்து அவர் அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை. ஏழுமலை பரிமாறினார், ரசம் பேண்ட்டுக்குப் போனது, வருகிற கூட்டம் குறைந்தது. மெஷின் வந்தால் கை ஆறும், கை ஆறினால் பழையபடி வெளியே போகலாம் என்று கஸ்தூரி நம்பியிருந்தார். மெஷின் வந்து மாசக்கணக்காகியும் கை ஆறவில்லை. போதாததற்கு நாற்றம் வேறு. மாசக் கடைசியோடு மெஸ்ஸை மூடிவிடலாம் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். கடலும் போய், மெஸ்ஸும் போனால் வேறு பிழைப்பு அவர்களுக்கு இல்லை.

அதைக் கேட்டுக்கொண்டே நான் அவருடைய கையைப் பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் முந்தானையிலிருந்து வெளியே வந்திருந்தது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. துணி துவைத்துவிட்டு வந்தவர் கை மாதிரி. பாத்திரம் மெஷின் கழுவுகிறது, மீனை ஏழுமலை அரிகிறார், இந்தக் கை எங்கே போய் ஊறியது?

"தெனம் எப்டி பண்ணுவீங்களோ, அப்டியே ஒரு லோடு போட்டுக் காட்டுங்கம்மா. நான் சும்மா ஒக்காந்து பாக்கறேன்" என்றேன்.

கஸ்தூரி சாப்பிட்ட தட்டுகளை அள்ளிக்கொண்டு நேரே மெஷினுக்குப் போகவில்லை. பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். குந்தி உட்கார்ந்து, சோப்பும் நாரும் வைத்து ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து, அலசி, இன்னொரு தரம் அலசி, முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று கொண்டுவந்து மெஷினில் அடுக்கினார். ஆட்டோ பட்டனை அழுத்தினார்.

"எம்மா, அதான் கழுவிட்டீங்களே. அப்புறம் மெஷினு இன்னாத்துக்கு?"

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார். "எச்சி தட்ட அப்டியே உள்ள வெக்க சொல்றீங்களா? ஊரு பேரு தெரியாத ஆளுங்க துன்ன எச்சி. அதுக்குள்ளதான எங்க சோத்துக் கரண்டியும் வெக்கிறேன்? எச்சி போனப்புறம்தான் மெஷினு."

கம்பெனி ட்ரெயினிங்கில் எச்சில் என்ற வார்த்தையும் இல்லை. எனக்கு ஒரே நேரத்தில் நாற்றத்துக்கும் புண்ணுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஆட்டோ ப்ரோகிராம் என்பது தண்ணீரின் அழுக்கைப் பார்த்துத்தான் வேலை செய்யும். அதை இப்படிச் சொன்னேன்: "இந்த மெஷினுக்குக் கண்ணு கீதும்மா. தண்ணி அழுக்கா இருந்தா நல்லா சூடு ஏத்தி ரொம்ப நேரம் ஓடும். நீங்க கழுவின தட்ட வெச்சா, ஓ வேல முடிஞ்சி போச்சின்னு வெதவெதப்புலயே நிறுத்திடும். ஆனா அந்த வெதவெதப்புல, கரண்டில ஒட்டின மீன் எண்ண போவாது. அது உள்ள போய் அடியில ஒக்காந்துக்கும். அதான் நாறுது."

"அப்ப நான் சுத்தமா கழுவறதால நாறுதுன்றீங்க."

"ஆமாம்மா."

"நல்லா கீது நியாயம்," என்றார்.

5. எலுமிச்சை உப்பு முதலில், சோடா பிறகு

பையில் கம்பெனி க்ளீனர் பாட்டில் இருந்தது. அதை எடுத்ததுமே கஸ்தூரி தடுத்தார். மெஷின் அவுட்லெட் தண்ணீர் பின்கட்டு வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது, மருந்துத் தண்ணீர் வேண்டாம் என்றார். அதுவும் சரிதான். அடுப்பங்கரையில் இருப்பதை வைத்தே செய்தேன். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபில்டர். கீழ் ரேக்கை வெளியே எடுத்துவிட்டால் அடியில் திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்கும். அந்த வீட்டில் அதை யாரும் தொட்டதே இல்லை. கழுவுகிற பெட்டியைக் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எச்சில் படாத சமையல் கரண்டிகளைக் கழுவாமலே வைத்ததில், உள்ளே செதில், கறிவேப்பிலைக் காம்பு, நம் நண்பர் கடுகு, எல்லாம் சேர்ந்து களிம்பு மாதிரி உறைந்திருந்தது. சுடுதண்ணீரில் ஆப்ப சோடா போட்டு ஃபில்டரை ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், வலை கிழிந்துவிடும். அந்த வேலையை ஏழுமலை செய்தார். கஸ்தூரி கையை நீட்டினார். தண்ணீர் பக்கமே வரக் கூடாது என்று ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டேன்.

அடுத்தது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர். கீழ் உதடு என்று ஒன்று உண்டு. எல்லோரும் மேலே துடைப்பார்கள், அழுக்கு கீழேதான் இருக்கும். மீனுக்குப் பிழிந்துவிட்டுப் போட்ட எலுமிச்சை மூடி ஒரு கிண்ணம் கிடந்தது. அதைத் தேய்த்து, ஈரத் துணியால் உடனே துடைத்து எடுத்தேன். ஸ்ப்ரே ஆர்ம் ஓட்டைகளுக்கு ஈர்க்குச்சி.

அப்புறம் உப்புப் படிவு. எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஏழுமலை ஓடிப்போய் வாங்கி வந்தார். பாத்திரம் எதுவும் வைக்காமல், பவுடரும் போடாமல், ஒரு பிடி எலுமிச்சை உப்பை அடியில் தூவி, இருப்பதிலேயே சூடான ப்ரோகிராமில் ஓட விட்டேன். வினிகர் இருக்கிற வீட்டில் மேல் ரேக்கில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்தாலும் வேலை நடக்கும். எப்போதாவது செய்யலாம், அடிக்கடி வைத்தால் ரப்பர் கெடும். அது முழுசாக முடிந்து தண்ணீர் வடிந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவிச் சின்னதாக ஒரு சூடு ஓட்டம். மிச்ச நாற்றத்தை அது எடுத்துவிடும்.

இரண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். நுரை பொங்கும், பார்க்க ஜோராக இருக்கும், ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். புளிப்பு எதனுடனும் ப்ளீச்சிங் பவுடர் மட்டும் சேரவே கூடாது, அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும்.

கதவைத் திறந்ததும் ஆவி வந்தது. கஸ்தூரி தலையை உள்ளே விட்டு மோந்தார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார்.

"ஒண்ணுமே வரலியே," என்றார். ஏதோ குறைகிறது என்பது போல இருந்தது அவர் முகம்.

6. என் தட்டு

வேறு வீடாக இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இங்கே அப்படிப் போக மனசு வரவில்லை. நான் வாசலைத் தாண்டியதும் கஸ்தூரி மறுபடி குழாயடிக்குத்தான் போவார். நாற்றம் திரும்பி வரும். கையும் ஆறாது. சென்சாரைப் பற்றி இன்னும் எவ்வளவு விளக்கினாலும் எச்சில் எச்சில்தான். அது புத்தியில் இருக்கிற விஷயம் இல்லை, கூச்சம்.

அந்தக் கூச்சத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. என் அம்மா எங்கள் ஊர் படாளத்தில் கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். அம்மா தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அந்த வீட்டம்மா இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே எடுத்துப் போவார். அம்மாவின் கையும் இதே மாதிரிதான் வெடித்துக் கிடந்தது. சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் எனக்கென்று தனி டம்ளர் எடுத்து வந்தவர்களும் உண்டு. அந்த டம்ளரில் குடித்துவிட்டுத்தான் அவர்கள் மெஷினைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். கோபம் வராமல் இல்லை.

மெஸ்ஸில் கூட்டம் வடிந்திருந்தது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஏழுமலை பிடித்து உட்கார வைத்தார். நன்றாகச் சாப்பிட்டேன். எழுந்து தட்டை எடுத்தேன். கஸ்தூரி வேகமாக வந்தார்.

"வெய்யுங்கண்ணா, நீங்க எதுக்கு எடுக்கறீங்க? வூட்டுக்கு வந்தவங்க எச்சி தட்ட எடுக்கலாமா?"

நான் கொடுக்கவில்லை. முள்ளையும் கறிவேப்பிலையையும் வழித்துக் குப்பையில் போட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. குழம்பு ஒட்டியிருந்த தட்டை அப்படியே மெஷினின் கீழ் ரேக்கில் வைத்தேன்.

"இப்ப உங்க கொழம்புக் கரண்டிய பக்கத்துல வெய்யுங்கம்மா."

கஸ்தூரி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவர் வைக்காமல் போனால், அது யார் எச்சிலானாலும் படுகிற கூச்சமா, என் எச்சில் என்பதாலா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். சும்மா இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

ஏழுமலை தன் தட்டையும் வழித்துக்கொண்டு வந்து என் தட்டுக்கு அடுத்து வைத்தார். "வெய்யி கஸ்தூரி. கடல்ல ஒரே தூக்குச்சட்டில பத்து பேரோட துன்னவன் நான். எனுக்கு இன்னா ஆயிடிச்சி?"

கஸ்தூரி கரண்டியை வைத்தார். வைத்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், பிறகு துடைத்ததற்காகக் கூச்சப்பட்டது போல என்னைப் பார்த்தார். பவுடர் போட்டு, ஆட்டோவை விட்டுவிட்டு, சூடு அதிகமான இன்டென்சிவ் ப்ரோகிராமை அழுத்தச் சொன்னேன். மெஸ்ஸுக்கு இதுதான், தட்டை வழித்துப் போட்டால் போதும், கழுவவே கூடாது என்றேன். மண்சட்டியையும் இரும்புத் தோசைக்கல்லையும் மட்டும் உள்ளே வைக்காதீர்கள், அதை ஏழுமலை கழுவட்டும் என்றேன். ஏழுமலை, "அதானே பாத்தேன்" என்றார்.

மெஷின் ஓடி முடிகிற வரை மூன்று பேரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். திறந்தபோது தட்டு தொட முடியாத சூடு. பளபளவென்று இருந்தது. கஸ்தூரி கரண்டியை முந்தானையால் பிடித்து எடுத்தார். மோந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவர் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டு, அதே கரண்டியைக் குழம்புச் சட்டியில் விட்டு மொண்டு ஊற்றி, எங்கள் முன்னாலேயே பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். கையில் காரம் பட்டு எரிந்ததால் அழுதேன் என்று பிறகு சொன்னார். இருக்கலாம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, என் கையில் புண் இல்லை.

கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார். "பொண்ணாண்ட சொல்லிடாதீங்கண்ணா. கைக்கோசரம் வாங்கிக் குடுத்தா. நான் ரெண்டு தரம் கழுவிகினு இருந்தேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவா."

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'ஃபில்டர் அடைப்பு, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

7. கடைசியாக

பிள்ளைகளே, ஸ்மெல் கம்ப்ளெயின்ட் என்றால் எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும் கொண்டு போங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். தினமும் செய்வது போல ஒருமுறை செய்து காட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கையைப் பாருங்கள். அவர்கள் செய்வது நமக்குக் கோமாளித்தனமாகத் தெரிந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்காமல் மெஷினை மட்டும் சரிசெய்தால் அடுத்த மாசம் அதே வீட்டுக்கு அதே பையைத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் முட்டுக்காட்டில் ஒரு சர்வீஸ் கால் முடித்துவிட்டு, மத்தியானம் கோவளம் போனேன். பெஞ்சில் இடம் இல்லை. கொஞ்ச நேரம் நின்று உட்கார்ந்தேன். ஏழுமலை வெளியே மீன் அரிந்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்துக் கத்தியைத் தூக்கிக் காட்டினார். உள்ளேயிருந்து கஸ்தூரி வறுவல் தட்டோடு வந்தார். ஒவ்வொரு பெஞ்சாக நின்று, முகத்தைப் பார்த்துப் பார்த்து மீன் வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் பெரிய சங்கராவாகப் பொறுக்கிக் கையால் எடுத்து வைத்தார். கையில் தழும்பு இருந்தது. புண் இல்லை.

"இன்னாண்ணா, கையயே பாத்துகினு கீறீங்க? மீன பாருங்க. ஆறிடப் போவுது."

சாப்பிட்டு எழுந்தேன். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் தயங்கினேன். இந்த முறை அவர் ஓடி வரவில்லை. அடுத்த பெஞ்சில் குழம்பு ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"முள்ள வழிச்சிட்டு உள்ள வெச்சிடுங்க. எடம் தெரியும் இல்ல?"

தெரியும். கீழ் ரேக்கில், அவருடைய கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.